குண்டு பல்பும் மாமாவின் வெள்ளை விளக்கும்

என் வயதுத் தோழிகளே, போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீங்கள் பேசியதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாம் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் எந்தக் கடையிலும் இப்போது குண்டு பல்பு கிடைப்பதில்லை, அதுதான் பேச்சு. மஞ்சள் வெளிச்சம் போடுமே, அந்தப் பழைய பல்பு. இனிமேல் வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

"கடையில கடைசியா இருந்ததெல்லாம் நான்தான் வாங்கிட்டு வந்தேன். சேலைக்கு நடுவுல சுத்தி வச்சிருக்கேன், மருமகளுக்குக்கூடத் தெரியாது" என்றாள் ஒருத்தி.

"புது லைட்டுல சக்கரப் பொங்கல வச்சாக்கூட ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி தெரியுது லா" என்றாள் அடுத்தவள்.

"என் வீட்டுக்காரரே ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மாதிரிதான் தெரியுறாரு."

"அவரு எந்த லைட்டுலயும் அப்படித்தானடி."

எல்லாரும் சிரித்து முடித்து, கரண்டு மிச்சம், புது லைட்டே நல்லது என்று சிலர் எதிர்த்துப் பேசிய பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டீர்கள். நான் வழக்கம்போல் சிரித்துவைத்தேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் பேனாவைப் பிடித்தால் கூச்சம் போய்விடும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். குண்டு பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டிய கதை எங்கள் வீட்டில் எப்போதோ ஒரு தடவை நடந்து முடிந்துவிட்டது. அதில் ஒரு உயிர் போகப் பார்த்தது.

நாங்கள் அப்போது லாபிஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தண்டவாளம் பார்க்கிற வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் ஒரு வீடு. முன்னால் கூடம், ஒரு சின்ன அறை, பின்னால் அடுப்படி. வீட்டுக்கே ஒரு பல்புதான். கூடத்தின் நடுவில், துணி சுற்றிய கறுப்பு ஒயரில் தொங்கும். அதன் தலைக்கு மேல் குடை மாதிரி ஒரு வெள்ளை எனாமல் மூடி. ஓரத்தில் எனாமல் பெயர்ந்து துரு தெரியும். அப்பா சுவிட்சைத் தட்டினால் கூடம் முழுவதும் நெய் ஊற்றின மாதிரி ஆகிவிடும். எரிய எரிய அதற்கென்று ஒரு வாசனை வரும். காய்ந்த தூசியும் பொசுங்கின பூச்சியும் கலந்த வாசனை அது. இன்றைக்கு யாராவது அதை ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அந்த பல்பை நான் என்னுடையது என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டு வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இருந்தது ஒரே ஜோடி. மழைக்காலத்தில் கொடியில் போட்டால் காயாது. சாயங்காலம் துவைத்து எனாமல் மூடிக்கு மேலே ஒயர் முடிச்சில் தொங்கவிட்டால், காலையில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் சாம்பல் பூனையும் பல்புக்கு நேர் கீழே இருந்த தகரப் பெட்டிமேல்தான் படுத்திருக்கும். வேறு எங்கே தூக்கிவிட்டாலும் திரும்பி அங்கேதான் வரும்.

பள்ளி திறந்த புதிது, மழை விடவில்லை. அந்த மழையில் அம்மாவுக்கு நாள் ஆவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. செகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் வெள்ளம். பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர்தான் வந்து பார்த்தார். டாக்டர் இல்லாத இடத்தில் ஊசி மருந்து எல்லாம் அவர்தான். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ரொம்பச் சின்னப் புள்ளை. நல்லாப் போத்தி வைங்க. உதட்டப் பாத்துக்கிட்டே இருங்க. நீலம் பாஞ்சா உடனே ஆள் அனுப்புங்க."

பெரியவர்கள் மனத்தில் உதடு மட்டும்தான் தங்கியது. பால் டின் வந்த மரப்பெட்டி ஒன்றில் இலவம்பஞ்சு பரப்பி, துணி விரித்து, தங்கச்சியை அதில் கிடத்தி, தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா முக்காலி போட்டு ஏறி ஒயரை அவிழ்த்து, பல்பைப் பெட்டிக்குக் கொஞ்சம் மேலே வரும்படி இறக்கிக் கட்டினார்.

"உதடு நல்லாத் தெரியணும்ல" என்றார்.

அன்றிலிருந்து அந்த பல்பை யாரும் அணைக்கவில்லை. பகலிலும் எரிந்தது. ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தோம். என்னையும் நம்பி உட்கார வைத்தார்கள். தங்கச்சியின் உதடு சிவந்த ஜம்புப் பழத்தின் நிறத்தில் இருந்தது. பூனைக்குட்டி மாதிரி அழுதாள், பஞ்சு உறிஞ்சுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குடித்தாள். உடம்பில் கொஞ்சம் சதை பிடிக்கிற மாதிரி இருந்தது.

பிரசவ வேலைக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, காஹாங்கிலிருந்து வந்திருந்தார். பத்தியச் சமையல் அருமையாகச் செய்வார். ஆனால் அந்தச் சோற்றைப் போடும்போதே ஒரு குத்தும் சேர்த்துப் போடுவார்.

"ஏம்மா, ஒங்க அண்ணன் சிங்கப்பூர்ல கப்பல் கட்டுறாராம். தங்கச்சி புள்ளைக்கு ஒரு கொலுசு கட்ட நேரமில்லையாமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். தாய்மாமன் சீர் வராத பிள்ளை என்றால் அது பிள்ளைக்கு வந்த பேச்சு இல்லை, அம்மாவுக்கு வந்த பேச்சு. நான் பிறந்தபோதும் மாமாவிடம் எதுவும் இல்லை. அதை அத்தை மறக்கவேயில்லை.

சிங்கப்பூர் போகிற ரயில் கார்டு ஒருவரிடம் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளை சின்னது, ஓயாமல் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்று. சேதி கேட்டு மாமா அடுத்து வந்த லீவில் ரயில் ஏறி வந்தார். தன் உயரத்துக்கு என்னமோ ஒன்றைப் பாயில் சுற்றி, வண்டியில் வழியெல்லாம் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

"தூண்டில்னு நெனச்சு, மீனு கெடச்சுச்சான்னு ஒவ்வொருத்தனும் கேட்டான்" என்று சொல்லிக்கொண்டே பாயைப் பிரித்தார். உள்ளே டியூப் லைட்டு. நாங்கள் ஸ்டேஷனில்கூட அதுவரை பார்த்ததில்லை.

"மச்சான், இந்த மஞ்ச பல்புல உதடு என்னா தெரியும்? இதப் போட்டா பகல் மாதிரி. கரண்டும் கம்மி. எம் மருமகளுக்கு இதான் மாமன் சீரு."

கப்பலில் ஒயர் வேலை பார்த்தவர், தானே மாட்டினார். சுவிட்சைத் தட்டியதும் அது கண் சிமிட்டியது, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது, பிறகு பளீரென்று கூடமே வெள்ளையானது. குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

"சுவத்துல இருக்குற பல்லியோட பல்லுகூடத் தெரியுது" என்றார் ஒருவர்.

"சீருன்னா இது சீரு" என்றார் அத்தை. அத்தை வாயால் அதைக் கேட்டதும் அம்மா முகத்தில் பிள்ளை பிறந்த பிறகு வந்த முதல் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதனால்தான் பின்னால் அம்மா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

கழற்றிய பழைய பல்பை மாமா துடைத்து, வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்த்த சீன அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் குஞ்சு பொரித்திருந்தது. மழைக்குளிரில் குஞ்சுகளுக்கு பல்பு வேண்டும் என்று அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தவள். கோழிக்குஞ்சுக்கு பல்பு எதற்கு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உதடு நீலமா இருக்குற மாதிரி தெரியுது" என்றார்.

மாமா சிரித்தார். "இந்த லைட்டுல எல்லாரும் அப்படித்தாம்மா தெரிவோம். எங்கையப் பாரு."

நாங்களும் கையை நீட்டினோம். உண்மைதான். எல்லார் நகமும் நீலமாகத்தான் தெரிந்தது. வெற்றிலை போட்ட அத்தையின் வாய் நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. "நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் போலிருக்கு" என்று அத்தை தன் வாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சொல்ல, எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் நீலம் என்றால் யாரும் நீலம் இல்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் மழை இன்னும் பலத்தது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, பகலிலும் டியூப் லைட்டைப் போட்டு வைத்தார்கள். தங்கச்சி அழாமல் தூங்கினாள்.

"நல்ல வெளிச்சம் பட்டதும் புள்ள அசந்து தூங்குது பாரு" என்றார் அப்பா. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஈரத்துணியால் டியூப்பை ஒரு தடவை துடைத்துவிட்டார்.

அம்மா பால் கொடுக்கத் தூக்கினால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அத்தைக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அது ஊர்க்கண்ணின் மேல்தான் போனது. "வரிசையே வந்து பாத்துட்டுப் போச்சுல்ல" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அந்த அடுப்படிச் சாம்பலில்தான் அன்று எங்கள் பூனை சுருண்டு கிடந்தது. கூடத்துத் தகரப் பெட்டி காலியாக இருந்தது. பூனை இடம் மாறியதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்ப, முக்காலியில் ஏறி, டியூப் லைட்டின் தகரத்தில் தொங்கிய ரிப்பனை எடுத்தேன். போட்டது போட்ட மாதிரி ஈரம். பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. ஈர ரிப்பன் கட்டிப் போனால் பின்னல் அவிழ்ந்துவிடும், டீச்சர் முன்னால் நிறுத்தி வைப்பார். எல்லார் எதிரிலும் நிற்பதைவிட எனக்குப் பெரிய தண்டனை கிடையாது. அம்மாவிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, ரிப்பன் காயல."

"புள்ள கெடக்குற கெடப்புல இவளுக்கு ரிப்பனு" என்றார் அத்தை.

அம்மா என் கையிலிருந்து ரிப்பனை வாங்கினார். விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து அந்த வெள்ளை விளக்கைப் பார்த்தார். பச்சை உடம்புக்காரி, ஒருவரையும் கேட்காமல் முக்காலியில் ஏறி, உள்ளங்கையை டியூப்பில் வைத்தார். எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். நான் பயந்து போனேன். பழைய பல்பைத் தொட்டு எனக்கு ஒரு தடவை விரல் கொப்பளித்திருந்தது.

"வாழத்தண்டத் தொட்ட மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

இறங்கி வந்து பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, வாசல் கதவைத் திறந்து, மழை வெளிச்சத்தில் பார்த்தார். அங்கே என் கை என் கை நிறத்தில் இருந்தது. அத்தையின் வாய் சிவப்பாக இருந்தது. தங்கச்சியின் உதடு மட்டும் நீலமாகவே இருந்தது.

அம்மா ரவிக்கையைத் தளர்த்தி, பிள்ளையை நெஞ்சோடு உள்ளே வைத்து அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க லைட்டக் கழட்டுங்க. அந்தப் பழைய பல்பு வேணும்."

அத்தைதான் முதலில் பேசினார். "தாய்மாமன் மாட்டுன சீரக் கழட்டச் சொல்றியா? பொறந்த வீட்ட நீயே அவமானப்படுத்துவியாம்மா?"

அப்பா சங்கடத்தோடு, "மச்சான் நாளைக்கு வண்டி ஏறுறாரு. அவரு போகட்டும், பெறவு பாத்துக்கலாம்" என்றார்.

"அவரு போறவரைக்கும் எம் புள்ள இருக்காது" என்றார் அம்மா.

அத்தை எதிரில் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, நீங்க கொண்டாந்தது நல்ல வெளிச்சம். நாங்களும் வெளிச்சத்துக்குத்தான் அந்த பல்ப எறக்கிக் கட்டுனோம்னு நெனச்சிருந்தோம். இந்தப் புள்ள அதோட சூட்டுல பொழச்சுக் கெடந்திருக்கு. எங்க யாருக்கும் தெரியல."

மாமா முகம் வாடியது. கோபித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவிட்சை அணைத்தார். முக்காலியில் ஏறி, டியூப்பைத் திருகி எடுத்துச் சுவரில் சாய்த்தார். அப்பாவை டிரஸ்ஸரைக் கூட்டிவர அனுப்பினார். பிறகு குடையில்லாமல் வேலியை நோக்கி ஓடினார்.

நான் பின்கதவில் நின்று பார்த்தேன். சீன அம்மாவின் கொட்டகையில், தகர டின்னுக்கு மேலே எங்கள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கீழே மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. "பாயி செஜுக்" என்று மலாயில் சொன்னார் மாமா. பிள்ளைக்குக் குளிர் என்று அர்த்தம். அதற்குமேல் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "அம்பில், அம்பில்" என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குஞ்சுகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு தன் அடுப்படிக்குப் போனாள். கோழிக்குஞ்சுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவளுக்குப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று சொல்லவா வேண்டும்.

அணைத்த பல்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டின்மேல் மழைத்துளி பட்டால் கண்ணாடி வெடித்துவிடும், வேறு பல்பு வாங்க வேண்டும் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். மாமா சட்டையைக் கழற்றி அதில் பல்பைச் சுற்றி, வயிற்றோடு அணைத்து, முதுகை வளைத்து மழைக்குக் கூரையாக்கிக்கொண்டு வந்தார். கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரிதான் இருந்தது. மழை அவர் முதுகில்தான் அடித்தது. பல்பின்மேல் ஒரு துளி விழவில்லை.

பழைய ஒயரில் பல்பை மாட்டி, முன்பைவிடக் கொஞ்சம் இறக்கிக் கட்டினார். அத்தை தவிட்டைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து பிள்ளையின் காலடியில் வைத்தார். அதுவரை பேசிய பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. டிரஸ்ஸர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்படியே வச்சிருங்க, எடுத்துடாதீங்க" என்றார். பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எது என்று அவரும் அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது. பல்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. சூடு அதிகமாகிவிடக் கூடாது என்று பல்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈர முதுகு காய்ந்து, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. மத்தியானம் தாண்டி, தங்கச்சியின் உதடு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவந்தது. பூனைக்குட்டிச் சத்தம் ஒன்று வந்தது. அம்மா மார்பில் வைத்ததும் வாயைத் திறந்தாள்.

மறுநாள் மாமா டியூப் லைட்டைப் பழையபடி பாயில் சுற்றிக்கொண்டு வண்டி ஏறினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார்.

"எதுக்கும்மா மனசுல வச்சுக்கணும். வழியில மறுபடியும் தூண்டிலான்னு கேப்பான், மீனு கெடச்சுச்சுன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றார் மாமா.

தோழிகளே, இதனால்தான் அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் இரண்டு கட்சியிலும் நான் சேரவில்லை. சேலைக்குள் பல்பைப் பதுக்குகிறவளையும் குறை சொல்ல மாட்டேன், புது லைட்டுக்கு மாறியவளையும் குறை சொல்ல மாட்டேன். என் மகள் வீடு முழுக்கப் புது லைட்டுதான், ஊசியில் நூல் கோர்க்க எனக்குச் சுகமாக இருக்கிறது. ஒரு பொருளைக் கழற்றும்போது, நாம் காசு கொடுத்து வாங்கியது என்ன, அது சொல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது என்ன, இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு பல்பு வெளிச்சம் மட்டும் கொடுத்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். வேறு என்னமோ கொடுத்திருந்தால், அதற்கு வேறு வழி பார்த்துவிட்டு மாற்றுங்கள். எனக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

தங்கச்சிக்குக் காது குத்தியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லாபிஸ் கோயிலில், மாமா மடியில்தான் உட்கார வைத்தார்கள். மாமா மோதிரமும் பட்டுப் பாவாடையும் கொண்டுவந்திருந்தார். தட்டில் அதை வைத்ததும் சொந்தக்காரர் ஒருவர் வேடிக்கையாக, "இதுதான் தாய்மாமன் செய்யுற மொதச் சீரா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் அத்தை ஒரு வார்த்தை சேர்க்காமல் விடமாட்டார் என்று எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

மாமாதான் பதில் சொன்னார். "மொதச் சீரு ஒரு லைட்டு. மாட்டுனேன், கழட்டுனேன்."

"கழட்டுனதுதான்யா சீரு" என்றார் அத்தை.

ஆசாரி ஊசியைக் குத்தினார். தங்கச்சி போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. வாயைப் பொத்தச் சர்க்கரை கொண்டு ஓடி வந்த அம்மாவை மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கத்தட்டும் விடும்மா" என்றார். "நல்லாக் கத்தட்டும்."